பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சிறுநீர்த் தொற்றுக்கு 7 நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். நாலாம் நாளே எரிச்சல் போய்விட்டதால் நிறுத்திவிட்டீர்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் தொற்று வந்தபோது, கல்ச்சர் ரிப்போர்ட்டில் (சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்து எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்கும் சோதனை) அதே மருந்துக்கு நேராக ‘ஆர்’, அதாவது கிருமிக்கு எதிர்ப்பு இருக்கிறது, மருந்து வேலை செய்யாது என்று இருந்தது. பாதியில் விட்டதால்தான் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்கள், அது உண்மையா, சிகிச்சை நடக்கும்போதே கிருமி எப்படி மாறுகிறது என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிருமி எப்படி எதிர்ப்பைப் பெறுகிறது என்பது ஒன்று. அதற்குக் காரணம் நீங்கள் நிறுத்தியதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நல்ல உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, ஊரெல்லாம் சொல்லும் பதில் பாதிதான் சரி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாகக் கல்ச்சர் தட்டுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர் வேறொருவர்; என்னிடம் வருவது ஒரு சின்ன டப்பாவும் அதன்மேல் ஒட்டிய எண்ணும்தான். ஆகவே கிருமி என்ன செய்யும் என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உங்கள் உடம்பில் அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

‘பழகிவிட்டது’ என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். குளிர்ந்த தண்ணீரில் குளித்துக் குளித்து உடம்பு பழகுவது போல, மருந்து பட்டுப் பட்டு ஒவ்வொரு கிருமியும் உரமேறிவிடுகிறது என்று நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. மருந்துக்கு மசியும் கிருமி சாகிறது, அல்லது வளராமல் நின்றுவிடுகிறது. மசியாத ஒன்றிரண்டு ஏற்கெனவே கூட்டத்தில் இருந்தால், அவை காலியான இடத்தில் பெருகுகின்றன. ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது கூட்டமே மாறியிருக்கிறது. தனிப்பட்ட கிருமி எதுவும் மருந்தைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இதைத் தட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த கிருமியைத் தரை மெழுகுவது போல் தட்டு முழுக்கப் பூசி, மேலே மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடுவோம். காலையில் தட்டு முழுக்கச் சாம்பல் படலமாகக் கிருமி வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் இருக்கும். அந்த வட்டத்தின் அளவை ஸ்கேலால் அளந்து ‘எஸ்’ (மருந்து வேலை செய்யும்) அல்லது ‘ஆர்’ என்று எழுதுகிறோம். சில தட்டுகளில், குறிப்பாக என்டரோபேக்டர் என்ற கிருமியில், செஃபோடாக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றிய தெளிவான வட்டத்துக்குள் குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று புள்ளிகள் தனித்து நிற்கும். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தூசியோ வெளிக்கிருமியோ விழுந்துவிட்டது என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். அந்தப் புள்ளி ஒன்றைக் கம்பி வளையத்தால் தொட்டு எடுத்து வேறொரு தட்டில் பூசினால், மறுநாள் அதே வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து நிற்கும். முந்தைய நாள் பூசிய கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த இரண்டு மூன்று மட்டும் முதலிலேயே வேறு மாதிரி இருந்தன. மருந்து செய்ததெல்லாம் சுற்றியிருந்தவற்றைத் துடைத்தெடுத்து, அவற்றை நம் கண்ணுக்குக் காட்டியதுதான்.

முதலிலேயே இருந்தன என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். 1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி அதை ஒரு வெல்வெட் துணியால் நிரூபித்தார்கள். மருந்தே இல்லாத தட்டில் கிருமிகளை வளர்த்து, அதன்மேல் வெல்வெட்டை ஒற்றி, ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பல தட்டுகளில் அதை ஒற்றினார்கள். எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் எதிர்ப்புள்ள கிருமி முளைத்தது. அப்புறம் மூலத் தட்டில் அதே இடத்துக்குப் போய்க் கிருமியை எடுத்து, அதை மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போய், வாழ்நாளில் ஸ்ட்ரெப்டோமைசினையே பார்க்காத, ஆனால் அதற்கு அசராத கிருமியைத் தனியே எடுத்துக் காட்டினார்கள். மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பொறுக்கியெடுக்கிறது என்பது இதோடு கிட்டத்தட்ட முடிந்துபோன விவாதம்.

அது எப்படி முன்னாலேயே இருக்கும்? கணக்குத்தான். சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமான காரணமான ஈ. கோலையின் மரபணுத் தொகுப்பில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அத்தனையையும் நகலெடுக்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் முறை பிரிந்தால் ஒரு முறைதான் எங்கோ ஓர் எழுத்துப்பிழை விழுகிறது. மிக நல்ல நகல்தான். ஆனால் ஒரு மில்லி சிறுநீரில் 10 லட்சம் கிருமி என்று வைத்தாலே, 200 மில்லி தேங்கிய சிறுநீர்ப்பையில் 20 கோடி ஆகிவிடுகிறது. கடைசி ஒரு பிரிதலில் மட்டும் லட்சக்கணக்கில் பிழைகள். பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. சிலவற்றால் கிருமிக்கே கெடுதல். எங்கோ ஒன்று, மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தை லேசாகத் திருகிவிடுகிறது. இன்னொன்று, மருந்து உள்ளே நுழையும் துளையை அடைத்துவிடுகிறது. வேறொன்று, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுகிறது. என்டரோபேக்டரில் நடப்பது இன்னும் சுவாரசியம். மருந்தை உடைக்கும் நொதி அதனிடம் பிறவியிலேயே இருக்கிறது, ஆனால் அதன்மேல் ஒரு பிரேக் போட்டு வைத்திருக்கிறது. ஒரே ஓர் எழுத்துப்பிழையில் அந்த பிரேக் அறுந்துபோகிறது. தட்டில் நாம் பார்த்த புள்ளிகள் அப்படி பிரேக் அறுந்தவைதான்.

ஆக, சிகிச்சை தொடங்கும் அன்று உடம்பில் எத்தனை கிருமி இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இது மிகக் கொடூரமாக வெளிப்பட்ட நோய் காசநோய். நுரையீரலில் ஓட்டை விழுந்த ஒரு நோயாளியின் ஒரே குழிக்குள் 10 கோடிக் கிருமி வரை இருக்கலாம். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்துக்கு மசியாதது சுமார் 10 லட்சத்தில் ஒன்று. இன்னொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மசியாதது சுமார் 10 கோடியில் ஒன்று. ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால், முதல் மாத்திரை விழுங்கும்போதே அந்தக் குழிக்குள் நூறு கிருமி தப்பிக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மசியாத கிருமிக்கான வாய்ப்பு இந்த இரண்டு எண்களின் பெருக்கல். 1க்குப் பின்னால் 14 சுழியம் போட்டால் அதில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த உடம்பிலும் கிடையாது. இந்தப் பாடத்தைக் கற்க உயிர்கள் போயின. 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர்தான் இறந்தார்கள். அது கிடைக்காத 52 பேரில் 14 பேர். அற்புத மருந்து என்றுதான் தோன்றியது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலுமே பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள், ஏனென்றால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரிடம் எதிர்ப்புள்ள கிருமி எழுந்துவிட்டது. காசநோய்க்கு இன்றும் ஒரே மருந்து கொடுக்காததன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குத்தான்.

மற்ற தொற்றுகளில் சிகிச்சையின் நடுவே இப்படி ஆவது எவ்வளவு சகஜம்? கிருமியையும் மருந்தையும் பொறுத்தது. ரத்தத்தில் என்டரோபேக்டர் புகுந்தவர்களைப் பற்றி 1991இல் வந்த ஆய்வில், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் (செஃபோடாக்ஸிம் சேர்ந்த மருந்து வகை) பெற்ற 31 பேரில் 6 பேரிடம் சிகிச்சையின்போதே எதிர்ப்பு எழுந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அதனால்தான் முதல் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்றே வந்தாலும், இந்தக் கிருமி தீவிரத் தொற்றில் இருந்தால் அந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்லிக் கீழே ஒரு குறிப்பு எழுதுவோம். ஒரு முறை என் குறிப்பு அச்சில் விடுபட்டுப்போனது. எட்டு நாள் கழித்து அதே நோயாளியின் ரத்தத்திலிருந்து அதே கிருமி ‘ஆர்’ ஆக வந்து நின்றது. அன்றிலிருந்து ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் போனிலும் சொல்கிறேன். இதற்கு நேர்மாறாக, சாதாரணச் சிறுநீர்த் தொற்றில் சிகிச்சை நடக்கும் சில நாளுக்குள் அதே கிருமி புதிதாக எதிர்ப்புப் பெறுவது அரிது. காரணம் மருந்து மட்டுமல்ல. மிஞ்சிய சில நூறு கிருமிகளை நம் வெள்ளையணுக்கள் தின்றுவிடும். சிறுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். உடம்பின் காவல் எட்டாத இடங்களில், சீழ்க்கட்டி, செயற்கை வால்வு, உள்ளே விட்ட குழாய், நுரையீரல் குழி போன்றவற்றில்தான், தப்பித்த ஒன்று மறுபடி கோடியாகும்.

அப்படிப்பட்ட ஒரு நோயாளியை எழுத்துக்கெழுத்து பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியானது. இதய வால்வில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் தொற்று. சுமார் மூன்று மாத வான்கோமைசின் சிகிச்சை. அவ்வப்போது ரத்தத்தில் எடுத்த கிருமியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்ததில், முதல் மாதிரிக்கும் கடைசி மாதிரிக்கும் இடையே 35 எழுத்துகள்தான் மாறியிருந்தன. கிருமியை அடக்கத் தேவைப்படும் வான்கோமைசின் அளவு எட்டு மடங்கு கூடியிருந்தது. எனக்கு உறைத்த விஷயம் வேறு: அந்த நோயாளிக்குக் கொடுக்கவே கொடுக்காத டாப்டோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கும் கிருமி பாதி தப்பிவிட்டிருந்தது. ஒரு பூட்டுக்குச் செய்த சாவி பக்கத்துப் பூட்டையும் திறந்துவிட்டது.

இந்த நோயாளியிடம் நடந்தது ஒரே தாவல் அல்ல, படிப்படியான ஏற்றம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துக்கு ஈ. கோலையில் ஒரு எழுத்து மாறினால் பாதி எதிர்ப்புத்தான் கிடைக்கும். முழுதாகத் தப்ப இரண்டு மூன்று வேண்டும். மருந்தின் அளவு உடம்பில் தாராளமாக இருந்தால் பாதி எதிர்ப்புள்ளதும் செத்துவிடும். அளவு மிகக் குறைவாக இருந்தால் எல்லாமே பிழைக்கும், பொறுக்கியெடுப்பே நடக்காது. ஆபத்து நடுவில்: சாதாரணக் கிருமியைக் கொல்லவும், அரைகுறை எதிர்ப்புள்ளதை விட்டுவைக்கவும் போதுமான அளவு. அந்த நிலையில் அரைகுறை பெருகும். பெருகிய கூட்டத்தில் அடுத்த எழுத்துப்பிழை விழும். 2016இல் ஹார்வர்டில் 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ராட்சதத் தட்டு செய்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மருந்தைப் பட்டை பட்டையாக ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு எல்லையிலும் கிருமிக் கூட்டம் முட்டி நிற்கும், எங்கோ ஒரு கிளை மட்டும் உடைத்துக்கொண்டு விசிறியாகப் பரவும், அடுத்த எல்லையில் மறுபடி நிற்கும். 10, 12 நாளில் ஆயிரம் மடங்கு மருந்துள்ள நடுப்பட்டைக்கு வந்துவிட்டது. நடுப்படிகள் இருந்தால்தான் மேலே ஏற முடிந்தது. மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது, ஞாபகம் வந்தபோது ஒன்று போடுவது இதெல்லாம் படிக்கட்டு கட்டிக் கொடுக்கும் வேலை.

இதுவரை சொன்னது நோயை உண்டாக்கிய கிருமியைப் பற்றி. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டின் ‘ஆர்’ பெரும்பாலும் இந்தக் கதையிலிருந்து வந்திருக்காது என்பது என் கணிப்பு. நீங்கள் விழுங்கிய மாத்திரை சிறுநீர்ப்பைக்கு மட்டும் போகவில்லை. தோல், வாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடல், எங்கும் போனது. குடலில் பல லட்சம் கோடிக் கிருமிகள் அமைதியாகக் குடியிருக்கின்றன. அவற்றில் ஏற்கெனவே எதிர்ப்புள்ள ஈ. கோலை ஓரமாகக் கொஞ்சம் இருந்தால், மற்றவை செத்து ஒழிந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சிறுநீர்த் தொற்று எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் சொந்தக் குடலிலிருந்துதான். 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்போடு திரும்பி வந்த சிறுநீர்த் தொற்றுகளின் மரபணுக்களைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டபோது, பழைய கிருமி மாறியது சிறுபான்மை. வேறொரு, முன்பே எதிர்ப்புள்ள கிருமி வந்து புகுந்ததுதான் முக்கியக் காரணம். அதாவது பழைய குடித்தனக்காரர் குணம் மாறவில்லை, அவரைக் காலி செய்துவிட்டு வேறொருவர் குடிவந்துவிட்டார்.

அந்த வேறொருவரிடம் இருப்பது பெரும்பாலும் எழுத்துப்பிழையும் அல்ல. கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையங்களில் மருந்தை உடைக்கும் நொதிகள் கட்டுக்கட்டாக வருகின்றன. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒரே நேரத்தில் கைமாறும். 1950களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்புக் கிருமியில் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் நான்குக்கும் ஒருசேர எதிர்ப்பு தோன்றியதைத் தோண்டிப் பார்த்தபோதுதான் இந்தக் கைமாற்றம் தெரியவந்தது. நாலு தனித்தனி எழுத்துப்பிழை ஒரே கிருமியில் விழ வாய்ப்பே இல்லை என்று அங்கிருந்தவர்கள் கணக்குப் போட்டுச் சந்தேகப்பட்டார்கள்.

சரி, பாதியில் நிறுத்தியது? மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்புள்ள கிருமிக்குக் கிடைத்த சலுகையும் நின்றுவிடுகிறது; பல சமயம் அந்த எதிர்ப்பே அதற்குச் சுமையாகி மற்றவற்றைவிட மெதுவாக வளரும். கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் பொறுக்கியெடுப்பைத்தான் நீட்டிக்கிறது. ஆகவே, நிறுத்தினால் எதிர்ப்பு வரும் என்பதைவிட, நீட்டினால் எதிர்ப்பு கூடும் என்பதற்குத்தான் காசநோய் தவிர்த்த சாதாரணத் தொற்றுகளில் ஆதாரம் அதிகம். 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில மருத்துவர்கள் இதையே வெளிப்படையாக எழுதிப் பெரிய சர்ச்சை ஆனது. ரத்தத்தில் கிருமி புகுந்த 3600க்கும் மேற்பட்டவர்களிடம் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டு 2024இல் வந்த ஆய்வில், 90 நாளில் இறந்தவர்களின் விகிதம் குறுகிய சிகிச்சையில் கூடவில்லை. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘கோர்ஸை முடி’ என்ற அறிவுரைக்கு, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் ஆற்றிய நோபல் உரையைச் சுட்டுவார்கள். தொண்டை வலிக்குக் குறைவாகப் பென்சிலின் போட்டுக்கொண்ட ஒரு கற்பனை மனிதரின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எதிர்ப்புப் பெற்று அவர் மனைவிக்குத் தொற்றுவதாக அதில் ஒரு கதை வரும். வேடிக்கை என்னவென்றால், தொண்டை வலி தரும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு 80 வருஷம் கழித்து இன்றும் பென்சிலின் வேலை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் இஷ்டத்துக்கு நிறுத்திவிட வேண்டாம். காசநோயில் நிறுத்துவது உண்மையிலேயே நோயும் எதிர்ப்பும் திரும்ப வழி. எலும்புத் தொற்று, இதய வால்வுத் தொற்று போன்றவற்றில் கிருமி ஒளிந்திருக்கும். அறிகுறி போனதை வைத்து முடிவெடுக்க முடியாது. பாதியில் நிறுத்துவதன் முதன்மை ஆபத்து அதே நோய் மறுபடி தலைதூக்குவது. அது தனிப் பிரச்சினை, எதிர்ப்பு தனிப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காதது.

உறுதியில்லாத இடங்களும் உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியின் மரபணுவைச் சேதப்படுத்தி, அதை அவசரமாகப் பழுதுபார்க்கும்போது எழுத்துப்பிழைகளைக் கூட்டுகின்றன என்பது ஆய்வகத்தில் நன்றாகத் தெரிகிறது. அப்படியானால் மருந்து வெறுமனே பொறுக்குவதோடு நிற்காமல் கொஞ்சம் உண்டாக்கவும் செய்கிறது. மனித உடம்பில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. அதேபோல, எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே தூங்கித் தப்பிக்கும் கிருமிகளை 1944லேயே ஜோசப் பிக்கர் பென்சிலினில் கவனித்தார். மருந்து போனதும் எழுந்து வளரும் அவற்றின் வாரிசுகள் மருந்துக்குப் பழையபடி சாகும். இந்தத் தூக்கம் எதிர்ப்புக்கு முதற்படி ஆகலாம் என்று 2017இல் ஓர் ஆய்வு தட்டில் காட்டியது. நோயாளியிடம் அது எத்தனை முறை நடக்கிறது என்பது வேறு கேள்வி.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், முதல் தொற்றின்போது கல்ச்சர் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் கிருமியும் இரண்டாவதும் ஒன்றா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாத இடைவெளி, முழுதாகக் குணமான அறிகுறி இரண்டையும் வைத்துப் பார்த்தால், குடலிலிருந்து வந்த புதிய கிருமி என்றுதான் பந்தயம் கட்டுவேன். இப்போது செய்யக்கூடியது இது: ஓர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அதற்கு எதிர்ப்புள்ள கிருமி நம்மிடம் இருக்கும் வாய்ப்பு அடுத்த ஒரு மாதத்தில் மிக அதிகம், பிறகு குறைந்துகொண்டே வந்தாலும் ஒரு வருஷம் வரை தடயம் இருக்கும். ஆகவே மறுபடி தொற்று வந்தால், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். இந்த ‘ஆர்’ ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப்போங்கள். கடந்த ஒரு வருஷத்தில் சளிக்கோ பல்லுக்கோ சாப்பிட்ட மருந்துகளையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள், அவற்றின் பெயர் மறந்திருந்தால் காலி அட்டையையாவது காட்டுங்கள்.